போர்க்கப்பலுக்குப் பன்னிரண்டு தாழ்ப்பாள்

நான் வரைந்த போர்க்கப்பலில் பன்னிரண்டு கழிப்பறைகள் இருந்தன. பன்னிரண்டுக்கும் கதவு உண்டு. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. சண்டை அதனால்தான் வந்தது.

கப்பல் உண்மையானதல்ல. அது சேரவேண்டிய கடற்படையும் உண்மையானதல்ல. மும்பை மாதுங்காவில் ஒரு காபி ஹோட்டலின் மாடியில் ஞாயிறுதோறும் ஐந்து பேர் கூடுவோம். இந்துமகா சமுத்திரத்தில் இல்லாத ஒரு தீவு நாட்டை நாங்களே உண்டாக்கி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் அதன் கடற்படை எப்படி இருந்திருக்கும் என்று ஒவ்வொரு கப்பலாக வரைந்துகொண்டிருந்தோம். மற்றவர்கள் பீரங்கிக் கப்பல்களைப் பிடித்துக்கொண்டார்கள். விக்ரோலித் தொழிற்சாலை ஒன்றில் பாய்லர் படம் வரைந்து ஓய்வுபெற்ற எனக்குத் தரையிறங்கு கப்பல் மிஞ்சியது. துறைமுகம் இல்லாமலே கடற்கரை மணலில் ஏறி நின்று, முன்வாயைத் திறந்து, டாங்கிகளையும் சிப்பாய்களையும் இறக்கிவிடும் கப்பல். அழகு கிடையாது. எங்கள் தலைவர் அதை ஷூ டப்பா என்பார்.

மழைக்காலம் முழுவதும் வரைந்தேன். நீளம் முந்நூற்று முப்பது அடி, அகலம் ஐம்பது. டாங்கிகள் பதினாறு, சிப்பாய்கள் இருநூற்று நாற்பது. தண்ணீருக்குள் முன்பக்கம் நான்கு அடி, பின்பக்கம் பத்து அடி மூழ்கவேண்டும். அப்போதுதான் சரிவான மணலில் அடிவயிறு ஒட்டி உட்காரும். முன்பக்கம் அதிகம் மூழ்கினால் சிப்பாய் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கவேண்டியிருக்கும். மணலில் அதிகம் ஏறிவிட்டால் கப்பல் திரும்பாது. இல்லாத கப்பல் இல்லாத மணலில் சிக்கிக்கொள்ளுமோ என்ற கவலையில் எனக்கு ரத்த அழுத்தம் ஏறியது.

வரைந்து முடித்த கப்பலுக்கு ஐவரில் மூவராவது கை தூக்கவேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் அது கடற்படையில் சேராது. என் கப்பல் சேரவேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பதை இந்த வயதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்த ஞாயிறு படத்தை மேசையில் விரித்து, நான்கு மூலைகளிலும் நான்கு டம்ளர்களை வைத்தேன். தலைவர் நவி மும்பை கோபர்கைரனேக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, எனக்கு மகன் வயது. குனிந்து பார்த்தவர் விரலை ஓரிடத்தில் நிறுத்தினார்.

"ஏக் மினிட், அங்கிள். மேல் டெக்குல இது என்ன, ரூம் ரூமா?"

"கக்கூஸ்."

"பன்னெண்டா? டோர் வேறயா? அந்தக் காலத்து ஷிப்ல ஒரே நீளத் தொட்டி, மேல பலகை, எல்லாரும் வரிசையா உக்காருவாங்க. அவ்ளோதான். இந்த எடத்துல மூணு லாரி நிக்கும்."

"அது வெள்ளக்காரன் கப்பல் தம்பி. நம்ம தீவுக்காரன் காகிதமா எடுத்துட்டுப் போவான்? தண்ணி வேணும், கொழா வேணும், கதவு வேணும்."

"பீச்ல குண்டு விழுது. கதவு க்யா கரேகா, என்ன செஞ்சிரும் அங்கிள்?"

"குண்டு விழறதுக்கு முந்தி மூணு நாள் கடல்ல போறானே. இருவது பேருக்கு ஒண்ணுதான் வச்சிருக்கேன்."

மேலே தண்ணீர்த் தொட்டி வேறு இருப்பதால் கப்பல் கவிழ்ந்துவிடும் என்றார் தலைவர். இதற்காகத்தான் காத்திருந்தேன். தட்டை வயிற்றுக் கப்பல் எளிதில் கவிழாது. அதன் கோளாறே வேறு. சாய்ந்தால் வெடுக்கென்று நிமிர்ந்து, உள்ளே இருப்பவன் குடலைக் கலக்கும். மேலே அளவாக எடை இருந்தால் ஆட்டம் நிதானப்படும். தண்ணீர் ஒரே பக்கமாக ஓடாமல் தொட்டியை ஆறு அறைகளாகத் தடுத்திருந்தேன். ஒவ்வொன்றையும் படத்தில் விரல் வைத்துக் காட்டினேன்.

ஆனாலும் முகங்கள் இளகவில்லை. என் நண்பரைப் பார்த்தேன். தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருப்பவர். நானும் அவரும் அங்கே ஒரே சாலில், ஒற்றை அறை வீடுகள் வரிசையாக நிற்கும் குடியிருப்பில், பிறந்தவர்கள். நாற்பத்திரண்டு குடித்தனங்களுக்கு ஆறு கழிப்பறைகள். ஒன்றிலும் தாழ்ப்பாள் நிற்காது. கதவில் ஓட்டை போட்டுக் கட்டிய கயிற்றை உள்ளிருந்து ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடி, காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இருமவேண்டும். சளி பிடிக்காமலே இருமி வளர்ந்தவர்கள் நாங்கள்.

"வே, நீராவது சொல்லும்."

"சொல்லத்தான் போறேன். மூணு லாரி போச்சுன்னா, கரையில எறங்குனவனுக்குக் குண்டும் சோறும் எவன் வே கொண்டு குடுப்பான்? நீரு தலையில சொமப்பீரா?"

எல்லோரும் சிரித்தார்கள். தூக்கப்பட்ட கை ஒன்று, என்னுடையது. தூக்கப்படாதவை நான்கு.

தலைவருக்கு இரக்கம் வந்திருக்கவேண்டும். "டென்ஷன் வேணாம், அங்கிள். டோர மட்டும் அழிச்சிட்டுத் தொட்டி போட்டுருங்க. இப்பவே சேத்துக்கலாம்." தன் ரப்பரையே எடுத்து நீட்டினார். மற்ற மூவரும் தலையாட்டினார்கள். பன்னிரண்டு சிறு கோடுகள். ஒரு நிமிட வேலை.

"கப்பல வேணா திருப்பி எடுத்துக்கிடுதேன். கதவ எடுக்க மாட்டேன்."

படத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன். ஒரு டம்ளர் உருண்டது. பாதிப் படி இறங்கியிருப்பேன், மேலிருந்து நண்பரின் குரல்: "ஓய், குடைய விட்டுட்டுப் போறீரு!" கோபித்துக்கொண்டு போகிறவன் திரும்பி வருவது பெரிய அவமானம். ஆனால் வெளியே மழை, கையில் படம். ஏறிப்போய், யார் முகத்தையும் பார்க்காமல் எடுத்துக்கொண்டு வந்தேன்.

செம்பூர் வீட்டில் மனைவி கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளும் தாராவிக்காரிதான், அடுத்த சால். நடந்ததை எல்லாம் சொன்னேன். நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"ஏங்க, அந்தப் பன்னெண்டுல பொம்பளைகளுக்கு எத்தன?"

"அந்தக் காலத்துக் கடற்படையில பொம்பள கெடையாது."

"அடிபட்டு வாறவனுக்குக் கட்டுப் போட யாரு? நர்சம்மா ஒருத்தியும் ஏற மாட்டாளா?"

"அந்த நாட்டு வழக்கம் அப்படி."

"அந்த நாட்டத்தான் வேண்டாம்னு வந்துட்டீங்களே. இனி ஒங்க நாடு, ஒங்க கடலு. யாரக் கேக்கணும்?" பிறகு சொன்னாள்: "நீங்கள்லாம் இருமுனீங்க. நாங்க பகல் முழுக்கத் தண்ணியே குடிக்க மாட்டோம், தெரியுமா?"

தெரியாது. எத்தனையோ எண்ணியிருக்கிறேன், அதை எண்ணியதில்லை.

மறுநாள் காலை புதுத் தாளில் ஒரு கடற்கரையை வரைந்து அதற்குப் பின்னால் ஒரு நாட்டை வைத்தேன். கப்பலில் மருத்துவ அறையை ஒட்டி இன்னும் இரண்டு கழிப்பறைகள் போட்டேன். அதில் நான்காவது லாரியும் போயிற்று. படமெடுத்து எங்கள் ஐவரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கீழே எழுதினேன்: "இது வேறு நாட்டுக் கப்பல். கதவுகள் பதினான்கு. வாக்கெடுப்பு கிடையாது."

முதலில் நண்பர்தான் பார்த்தார். குரல் செய்தி வந்தது. "லாரி இல்லாம எங்ககிட்ட தோத்துப்போவீரு வே."

"ஒம்ம படையோட வந்து பாரும்" என்று பதில் போட்டேன்.