கழுத்தில் அட்டை

மாலை நான்கு பத்து. கேம்ப் ரோடு முனையில் பள்ளி வேன் நின்றது. ஆறு குழந்தைகள் இறங்கினார்கள். ஏழாவதாக இறங்க வேண்டிய என் மகள் இறங்கவில்லை.

"பாப்பா ஏறவே இல்ல மேடம். ஃபங்ஷனாச்சே, நீங்களே இட்டுகினு போய்ட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார் ஓட்டுநர்.

அவளுக்கு ஏழு வயது. அன்று பள்ளியில் உலகக் குழந்தைகள் விழா. வெளிநாட்டு ஆசிரியர்கள் நான்கு பேர் வருகிறார்கள், இருபது பிள்ளைகள் இருபது நாட்டு மொழிகளில் வணக்கம் சொல்ல வேண்டும். இவள் ஜப்பான். என் பழைய சில்க் புடவையை வெட்டி கிமோனோ தைத்து, இடுப்பில் ஊக்கு குத்தி அனுப்பியிருந்தேன். அந்த இருபதில் தமிழ் இல்லை. அதை நான் கவனிக்கக்கூட இல்லை.

கீழ்க்கட்டளையில் இருந்த பள்ளிக்கு ஆட்டோவில் போனேன். வழியில் கண்ணில் பட்ட ஒவ்வொரு லாரியின் சக்கரத்தையும் பார்த்துக்கொண்டே போனேன். பள்ளியில் காகிதக் கொடிகள் ஆடிக்கொண்டிருந்தன. ஆள் இல்லை. ஆயா மட்டும் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"பெரிய மிஸ்ஸும் கிளாஸ் மிஸ்ஸும் வெள்ளைக்காரங்களுக்குக் கோவளம் காட்டப் போய்கீறாங்க. எந்தப் பாப்பா? சில்க் டிரஸ் போட்டதா? அத்த மத்தியானம் பெரிய மிஸ் மேப் ரூமாண்ட இட்டுகினு போனாங்களே. கழுத்துல அட்ட தொங்கிச்சு."

அந்த அட்டையை எனக்குத் தெரியும். 'நான் தமிழில் பேசினேன்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அடுத்துத் தமிழில் பேசுகிற பிள்ளையைக் காட்டிக் கொடுத்தால்தான் கழுத்திலிருந்து இறங்கும். அதுவரை யாரும் கழற்றக் கூடாது. அட்மிஷன் அன்று இந்த விதிக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவள் நான். முன்பு ஒருமுறை அதோடு வீட்டுக்கு வந்து அழுதபோது, "அசடே, எவளாவது பேசாமலா இருப்பா? பிடிச்சுக் கொடுத்துடு" என்று சொல்லிக்கொடுத்தவளும் நான்தான்.

மேப் ரூம் கதவில் பூட்டு தொங்கியது. சாவி பெரிய மிஸ்ஸின் கைப்பையில், கோவளத்தில். உள்ளேயிருந்து தேய்ந்துபோன குரல் வந்தது.

"மிஸ், மே ஐ கோ டு டாய்லெட்?"

மறுபடியும் அதே வாக்கியம். நான் பெயர் சொல்லிக் கத்தினேன். அப்போதும் அதையே சொன்னாள்.

"நவுரும்மா" என்றார் ஆயா. ஒரு கல்லை எடுத்து வந்து பூட்டின் மேல் போட்டார். "இன்னா பள்ளிக்கூடம் இது! கொயந்தைய வெச்சுப் பூட்டிகினு கடல காட்டப் போறாளுங்களாம், கடல!"

நாலாவது அடியில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. சுருட்டிய வரைபடங்களுக்கு நடுவே அவள் நின்றிருந்தாள். கிமோனோ ஈரமாகியிருந்தது. தூக்கிக்கொண்டேன். காதோடு வாயை வைத்து, யாருக்கும் கேட்காமல் பேசினாள்.

"ஊக்கு குத்துதுன்னு தமிழ்ல சொல்லிட்டேம்மா. அட்டையோட ஸ்டேஜ்ல நிக்கக் கூடாதாம். தமிழ்ல பேசுன வேற யாரையாவது சொல்லு, கழட்டறேன்னாங்க. என் ஃப்ரெண்ட் பேசினா. நான் சொல்லலை."

இடுப்பில் ஊக்கு திறந்து கிடந்தது. சுற்றிலும் புள்ளி புள்ளியாக ரத்தம். உலகத்தையே குழந்தைகளுக்குக் கொண்டுவருகிறோம் என்று வாசலில் பலகை வைத்திருந்தார்கள். வலிக்கிறது என்று ஒரு குழந்தை சொன்னதைப் பொறுக்க அவர்களால் முடியவில்லை. எந்த ஊர்க்காரர்கள் முன்னால் எதை மறைத்தார்கள்? அந்த நாலு பேரும் அவரவர் மொழியில்தானே தங்கள் பிள்ளைகளைக் கொஞ்சியிருப்பார்கள்! இவ்வளவு வருஷம் கழித்து எழுதும்போதும் கோபம் வருகிறது. கோபம் முழுவதும் அவர்கள் மேல்தான் என்று எழுதிவிட்டால் எனக்குச் சௌகரியம். ஏழு வயதில் அவள் செய்ய மறுத்ததைச் செய்யச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

அட்டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன். அப்போது வாசலில் வேன் வந்து நின்றது. விருந்தாளிகளை ஓட்டலில் விட்டுவிட்டுப் பெரிய மிஸ் இறங்கி வந்தார். முதலில் உடைந்த தாழ்ப்பாளைப் பார்த்தார். பிறகு குழந்தையை. பிறகு என் பக்கம் கையை நீட்டினார். தமிழில்தான் சொன்னார்:

"அந்த அட்டையைக் குடுத்துட்டுப் போங்க மேடம். நாளைக்கு வேணும்."