வராதவருக்குச் சொன்ன நன்றி

மகளின் கல்லூரியிலிருந்து வாட்ஸ்அப்பில் விழா அழைப்பிதழ் வந்தால் என் கண் நேராகக் கடைசி வரிக்குத்தான் போகும். நன்றியுரை என்று யாரோ ஒரு பிள்ளையின் பெயர் இருக்கும். உடனே போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். ஐம்பதை நெருங்கும் ஆளுக்கு இது தேவையா?

தருமபுரியில் நான் பி.ஏ. படித்த மூன்று வருடமும், பாடம் நடந்ததோ இல்லையோ, நிகழ்ச்சி நடந்தது. வரவேற்பு விழா, மன்றத் தொடக்க விழா, மன்ற நிறைவு விழா. எல்லாவற்றிலும் ஃபேன் காற்றில் அணையும் அதே குத்துவிளக்கு, கொய்ங் என்று கத்தும் அதே மைக். இந்த இம்சைக்குப் பயந்து அதியமான்கோட்டை டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்து உட்கார்ந்தே இரண்டாம் வருடம் வருகைப்பதிவு குறைந்துவிட்டது. பரீட்சை எழுத முடியாது என்றார் துறைத்தலைவர். என் முகம் போன போக்கைப் பார்த்து, மன்றத் தொடக்க விழாவில் நன்றியுரை சொன்னால் கையெழுத்துப் போடுகிறேன் என்று இறங்கி வந்தார்.

ஒரு வாரம் மனப்பாடம். பல் தேய்க்கும்போது முதல்வருக்கு நன்றி, சோறு தின்னும்போது மைக்செட்காரருக்கு நன்றி. டிக்கெட் கிழித்த கண்டக்டருக்குக்கூட "இத்துடன் என் உரையை" என்று ஆரம்பித்துவிட்டேன்.

விழா அன்று சிறப்பு விருந்தினர் பாலக்கோட்டிலிருந்து வர வேண்டும். வழியில் கரும்பு டிராக்டர் கவிழ்ந்து பாதை அடைத்துக்கொண்டதாம். முக்கால் மணி நேரம் போயிற்று. பையன்கள் நழுவத் தொடங்கவும் துறைத்தலைவர் என் தோளைப் பிடித்து மேடைப் பக்கம் தள்ளினார்.

"அவரு வர்ற வரைக்கும் எதையாச்சும் பேசுறா."

எதையாச்சும் என்றால் எதை? என் மண்டையில் இருந்தது ஒன்றே ஒன்று. வாய் தானாகத் திறந்தது. பல பணிகளுக்கிடையே இங்கு வந்து அரியதொரு சிறப்புரை ஆற்றிய விருந்தினருக்கு நன்றி சொன்னேன். ஹால் கப்சிப். ஆஹா, கேட்கிறார்கள் என்று நாற்காலி போட்டவர் வரை நன்றி சொல்லி, "நன்றி, வணக்கம்" என்று முடித்தேன்.

எங்கள் கல்லூரியில் அந்த இரண்டு வார்த்தைக்குப் பிறகு நாட்டுப்பண். அதற்கென்றே மேடையோரம் நிறுத்தியிருந்த இரண்டு பெண்கள் பாட ஆரம்பித்துவிட்டார்கள். என்னைத் தடுக்க ஓடி வந்த துறைத்தலைவர் பாதி வழியில் விறைத்து நின்றார். கத்தவும் முடியாது, கையை ஓங்கவும் முடியாது. பாட்டு முடியும்வரை கண்ணாலேயே என்னை அடித்தார். முடிந்ததும் மொத்த ஹாலும் பென்னாகரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடியது.

பத்து நிமிடத்தில் விருந்தினர் வந்தார். முன்வரிசையில் நாலு வாத்தியார்கள்; நடுவில், துறைத்தலைவரின் கைப்பிடியில் என் சட்டைக் காலர். விருந்தினர் என் ஒருவனைப் பார்த்து "மாணவச் செல்வங்களே" என்று தொடங்கி ஒரு மணி நேரம் பேசினார்.

மறுநாள், பரீட்சை போச்சு என்றே துறைத்தலைவர் அறைக்குப் போனேன். நிமிராமலே கேட்டார்.

"நேத்து புரோகிராம்ல நம்ம பசங்க யாரு யாருடா இருந்தீங்க?"

"நான் மட்டுந்தாங்க சார்."

பேனா மூடியைக் கழற்றினார்.

"இருந்ததே நீ ஒருத்தன். உனக்குப் போடாம வேற யாருக்குடா போடறது?"

கையெழுத்தானது. நான் நெகிழ்ந்துபோய் வாயைத் திறந்தேன். அவர் அவசரமாகக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வேண்டாம்டா சாமி. நன்றி மட்டும் சொல்லிராத."