மெர்சி சத்தமாக ஜெபித்த நாள்: ராயபுரத்திலிருந்து நெட்டுக்குப்பம் வரை

எங்கள் கல்யாண நாள் பிப்ரவரியில் வரும். அன்று நானும் என் மனைவி மெர்சியும் சினிமாவுக்கோ ஓட்டலுக்கோ போவதில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு ராயபுரத்தில் ஆரம்பித்து எண்ணூர் நெட்டுக்குப்பம் வரைக்கும் போவோம். கல்யாணம் நடந்த தேவாலயம், குடியிருந்த தெரு, நான் வேலை பார்க்கிற இடம் என்று அங்கங்கே நிறுத்தி, அங்கே இருக்கிறவர்களுக்காக ஐந்து நிமிடம் ஜெபம். மைக் கிடையாது, நோட்டீஸ் கிடையாது. பதினெட்டு வருடமாக இப்படித்தான். ஜெபிப்பது எப்போதும் நான். மெர்சி கண்ணை மூடி நிற்பாள், கடைசியில் ஆமென் சொல்வாள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து ஜெபிக்க அவளுக்குக் கூச்சம். "எனுக்கு உங்கள மாதிரி பைபிள் தமிழெல்லாம் வராது" என்பாள்.

இந்த வருடம் போவதா வேண்டாமா என்பதே பெரிய கேள்வி. போன அக்டோபரில் எனக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி போனது, கூடவே குரலும் போய்விட்டது. நரம்பு ஒன்று வேலை செய்யவில்லை, ஆறு மாதத்தில் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் டாக்டர். காற்று மாதிரி ஒரு கிசுகிசுப்பு மட்டும்தான் வரும். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில், லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடையில் எனக்கு வேலை. லாரி நம்பரையும் எடையையும் கத்திச் சொன்னவன், இப்போது உள்ளே உட்கார்ந்து ரசீது எழுதுகிறேன். சபையில் ஞாயிறு ஜெபம் நடத்துவதையும் விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால் வீட்டிலும் ஜெபிப்பதை விட்டுவிட்டேன். அதை மெர்சியிடம் சொல்லவில்லை.

"குரலே இல்ல, இந்த வருஷம் வேணாம்" என்றேன்.

"வண்டி ஓட்றதுக்குத் தொண்டை எதுக்கு? கெளம்புங்க" என்றாள்.

சனிக்கிழமை காலை 5.50க்கு வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டை விட்டுக் கிளம்பினோம். நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டோம். போய்த் திரும்பி மிச்சமும் இருந்தது. ராயபுரத்தில் தேவாலயக் கதவு இன்னும் திறக்கவில்லை. கேட் முன்னாலேயே நின்று நான் ஆரம்பித்தேன். மெர்சி காதை என் வாய் அருகே கொண்டுவர வேண்டியிருந்தது. ரகசியம் பேசுகிறோம் என்று நினைத்திருப்பார்கள், பால் வாங்கப் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

அங்கிருந்து காசிமேடு இரண்டு கிலோமீட்டர். 6.30க்கு மீன் ஏலம் உச்சத்தில் இருந்தது. (வஞ்சிரம் வாங்கும் எண்ணம் இருந்தால் ஏழரைக்கு மேல் போங்கள், விலை கொஞ்சம் இறங்கும். தரை முழுக்க ஐஸ் தண்ணீர், செருப்பு பத்திரம்.) ஏலக்காரர்களின் சத்தத்தில் நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. இரண்டு வரியோடு நிறுத்திவிட்டேன்.

காலடிப்பேட்டைக்கு ஏழேகாலுக்கு வந்தோம். எங்கள் முதல் வாடகை வீடு இங்கேதான். எங்கள் மகள் பிறந்ததும் இந்த வீட்டில் இருந்தபோதுதான். அவள் இப்போது கோயம்புத்தூரில் படிக்கிறாள். பழைய தெருமுனைக் கடையில் இட்லி சாப்பிட்டு, ஒரு பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டோம். இரண்டும் சேர்த்து முப்பத்திரண்டு ரூபாய். வீட்டு முன்னால் நின்று வாயைத் திறந்தேன். பக்கத்தில் ஒரு வேன் ஹாரன் அடித்தது. மறுபடி திறந்தேன். இருமல்தான் வந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வண்டியைக் கிளப்பி, "போதும், வூட்டுக்குப் போலாம்" என்றேன்.

மெர்சி பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "நெட்டுக்குப்பம் போய் கடலப் பாத்துட்டு வந்துரலாம். ஜெபம் பண்ணாங்காட்டி பரவால்ல" என்றாள். எதிர்த்துப் பேச எனக்குக் குரல் இல்லை.

சாத்தாங்காட்டில் நிற்கவே இல்லை. அது மேற்கே மணலிப் பக்கம் ஒதுங்கிய இடம், எப்படியும் திங்கட்கிழமை போகத்தானே போகிறேன் என்று விட்டுவிட்டேன். திருவொற்றியூர் தாண்டி எர்ணாவூர் வரை கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. நெட்டுக்குப்பம் வரை எட்டு கிலோமீட்டர் கடக்க ஐம்பது நிமிடம். ஒரு பக்கம் லாரி, இன்னொரு பக்கம் கடல் அரிக்காமல் இருக்கக் கொட்டிய கருங்கற்கள், கற்களுக்கு அந்தப் பக்கம் வெயில் பட்டு மின்னுகிற தண்ணீர். அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டியதில் கோபம் பாதி இறங்கியிருந்தது.

நெட்டுக்குப்பத்துக்கு 9.10க்குச் சேர்ந்தோம். எண்ணூர்க் கழிமுகம் கடலில் சேரும் இடம் இது. பின்னால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள், முன்னால் படகுகள். வலைகளுக்குப் பக்கத்தில் ஓலை நிழலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். எதிரே கூடையில் இறால். கை அதில் இருந்தது, ஆனால் ஒன்றையும் உரிக்கவில்லை. எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"வருஷா வருஷம் வந்து கண்ண மூடிகினு நிப்பீங்களே, நீங்கதான அது?" என்று என்னிடம் கேட்டார். தலையாட்டினேன். "என் பேரு கன்னியம்மா. என் பொண்ணு செல்விய விடியக்காத்தால ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிக்கிறாங்க. தலப்பிரசவம். கொழந்த திரும்பிக்கினு கீதாம். மருமவன் ஒருவாட்டி போன் பண்ணாரு, அப்பால பேச்சே இல்ல. எனுக்கு சோறு தண்ணி எறங்கல. உங்க சாமியாண்ட அவளுக்கோசரம் ஒரு வார்த்த சொல்லுண்ணா."

பதினெட்டு வருடத்தில் யாரும் எங்களிடம் வந்து இப்படிக் கேட்டதில்லை. கண்ணை மூடி, "பரலோகப் பிதாவே" என்று ஆரம்பித்தேன். கடல்காற்று அதை அப்படியே கொண்டுபோய்விட்டது. கன்னியம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணனுக்குத் தொண்டையில இன்னா?" என்று மெர்சியிடம் கேட்டார்.

 மெர்சி கன்னியம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். நல்ல சத்தமாகவே பேசினாள்.

"ஆண்டவரே, இந்தக்கா பொண்ணு செல்வி ஆஸ்பத்திரில கீது. வலியில கீது. அந்த வலி எனுக்குத் தெரியும். நீ அவ பக்கத்துல உக்காரு. டாக்டரம்மா கைய புடிச்சிக்கோ. தாயும் புள்ளையும் நல்லபடியா வூடு வந்து சேரணும். இந்தக்கா காலைலேர்ந்து ஒன்னியும் துன்னாம உக்காந்துகினு கீது, அதையும் பாத்துக்கோ."

 முடித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"அப்புறம் இவுரு. கொரல் போச்சின்னு உன்னாண்ட பேசறதையே நிறுத்திட்டாரு. கொரலு குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி, இவர உன்னாண்ட பேச வையி. இவுரு மெதுவா சொன்னாலே எனுக்குக் கேக்குது. உனுக்குக் கேக்காதா இன்னா? ஆமென்."

நான்தான் எதையும் சொல்லவில்லையே, அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. 'தேவரீர்' என்றே பழகியவன் நான். அவள் 'நீ' என்று பேசியதைக் கேட்டபோது, ஒரு நிமிடம் பொறாமையாக இருந்தது. அப்புறம் கண் கலங்கிவிட்டது. கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கிளம்ப மனம் வரவில்லை. மெர்சி இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து கன்னியம்மாவைச் சாப்பிட வைத்தாள். பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து இறால் உரித்தோம். நான் உரித்ததைப் பார்த்து, "அண்ணன் பாதி கறிய தோலோட போட்டுருது" என்றார் கன்னியம்மா. 12.20க்குப் போன் அடித்தது. கன்னியம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அதை எடுத்துக் காதில் வைத்தார். பிறகு போனை மடியில் வைத்துவிட்டு, "பொண்ணு பொறந்துக்கீதாம். ஆபரேசன் பண்ணிதான் எடுத்தாங்களாம். ரெண்டு பேரும் நல்லா கீறாங்களாம்" என்றார். மெர்சியின் தோளில் சாய்ந்துகொண்டார்.

திரும்பும்போது திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியாக வந்தோம். பிற்பகலில் கடற்கரைச் சாலையை விட இதுவே மேல். மொத்தம் 38 கிலோமீட்டர். போக விரும்புகிறவர்கள் ஆறு மணிக்கு முன்னால் கிளம்புங்கள். லாரிப் புகைக்கும் சாம்பலுக்கும் முகத்தில் கட்ட ஒரு துணி வேண்டும். குடிநீர் கையோடு எடுத்துப் போங்கள். நெட்டுக்குப்பத்தில் வண்டியை மணலில் இறக்காதீர்கள். ஓலை நிழலில் யாராவது இருந்தால் பேசுங்கள். எத்தனையோ வருடம் நாங்கள் கண்ணை மூடி நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறோம், பக்கத்தில் இருந்தவரிடம் பேர்கூடக் கேட்டதில்லை.

இதை எழுதும்போது ஏப்ரல் முடியப் போகிறது. குரல் பாதி வந்திருக்கிறது; மீதி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன ஞாயிறு குழந்தையைப் பார்க்கப் போயிருந்தோம். செல்வி அவளை என் மடியில் கிடத்தி, "கொஞ்சம் வச்சிக்கோங்க மாமா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. நான் குனிந்து, எனக்கு வருகிற சத்தத்தில், குழந்தைக்காக ஜெபித்தேன். அவள் தூக்கத்திலிருந்து விழிக்கவே இல்லை.