ஆங்கிலத்தில் எழுதிய குப்பி

போர் முடிந்த வருடம். மட்டக்களப்பில் எங்கள் ஆய்வுகூடத்தில் பெரோவ்ஸ்கைட் என்ற படிக அமைப்புள்ள உலோக ஹைட்ரைட்டுத் தூள் தயாரித்தேன். ஹைட்ரஜனைத் தனக்குள் சேமித்து, சூடாக்கினால் வெளிவிட்டு, மறுபடியும் ஏற்கும் தூள் அது. தண்ணீர் பட்டால் ஆபத்து. குடும்பத்தில் முதலில் படித்தவள் என்ற பெருமையில், எச்சரிக்கையை ஆங்கிலத்தில் எழுதிக் குப்பியில் ஒட்டினேன்.

ஒருநாள் அதைக் கழுவும் தொட்டியருகே மறந்து வைத்தேன். சுனாமியில் வீடிழந்து துப்புரவு வேலைக்கு வந்திருந்த யோகம் மாமி, அழுக்குக் குப்பியென்று கழுவப்போனார். தீ சீறியது. மாமியின் கை வெந்தது.

"எழுதி ஒட்டியிருக்கிறது கண்ணுக்குத் தெரியல்லையா மாமி?" என்று கத்தினேன்.

"தெரிஞ்சது மகள். தமிழில எழுதியிருந்தா வாசிச்சிருப்பன்."

என் அம்மாவாலும் அதை வாசித்திருக்க முடியாது.

மறுநாள், 'தண்ணீர் படக்கூடாது' என்று தமிழில் பெரிதாக எழுதினேன். வாசிக்க மாமி வரவில்லை.