உம்மா வீட்டில் இருந்த என் பெயர்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். நானும் சாய்ந்தமருதில் உம்மா வீட்டிலிருந்து மருதமுனையில் மனைவியின் வீட்டுக்கு வந்தவன். உடுப்பு, புத்தகம், சைக்கிள் எல்லாம் என்னோடு வந்தன. வாக்காளர் இடாப்பில் இருந்த பெயர் மட்டும் வரவில்லை.

மறந்துபோனேன் என்றால் பொய். வருடா வருடம் கிராம சேவகர் வாக்காளர் படிவம் கொண்டுவந்து தரும்போது மனைவி கேட்பாள்: "உங்கட பேரையும் இதுல எழுதவா?"

"இரிக்கட்டும். அங்க வெட்டினா உம்மா கவலைப்படுவா."

அவள் தன் பெயரை மட்டும் எழுதி, அதில் ஒரு பிரதி எடுத்து பிஸ்கட் டின்னுக்குள் வைப்பாள். இதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள் என்று நான் பகிடி பண்ணுவேன்.

மகளை முதலாம் தரத்தில் சேர்க்கும் காலம் வந்தபோது பகிடி அடங்கியது. பள்ளிக்கூடம் அடுத்த தெருவில்தான். ஆனால் நாங்கள் இந்த வீட்டில்தான் இருக்கிறோம் என்பதற்குத் தாய் தகப்பன் இருவருடைய பெயரும் இடாப்பில் வேண்டும். இல்லாத பெயருக்குப் புள்ளி இல்லை; புள்ளி கூடின பிள்ளைகளுக்குத்தான் இடம். அங்கே இடம் கிடைக்காவிட்டால் ஐந்து வயதுப் பிள்ளை தினமும் பஸ் ஏறித் தூரப் போக வேண்டும்.

நேர்முகப் பரீட்சையில் ஓர் அதிகாரி எங்கள் கோப்பைப் புரட்டிவிட்டு என்னிடம் கேட்டார்: "என்ன வேல செய்றீங்க?"

"ஆசிரியர்."

"என்ன பாடம்?"

"குடியியல்."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். வாக்காளர் பதிவு குடிமகனின் கடமை என்று கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன்! வெட்கம் கெட்ட வாத்தி.

மனைவி பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். அவள்தான் டின்னைத் திறந்தாள். பிரதிகளை வருடவாரியாக மேசையில் அடுக்கினாள். "இவருட பேர் இல்ல, பிழை எங்கடதான். ஆனா நான் ஒரு வருஷமும் விடல்ல. எனக்குரிய புள்ளிய தாங்க, காணும்," என்றாள்.

தெரிவான பிள்ளைகளின் பட்டியல் ஒட்டிய அன்று மகளின் பெயர் கடைசியிலிருந்து மூன்றாவது. அல்ஹம்துலில்லாஹ்! பள்ளிக்கூடக் கேற்றடியிலேயே அழுதுவிட்டேன். அன்றைக்கு அவளுக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை, இங்கே சொல்கிறேன். என் பட்டத்தால் ஆகாததை அவளுடைய ஒழுங்கு செய்து முடித்தது.

அடுத்த படிவம் வந்ததும் உம்மாவிடம் போனேன். "உம்மா, என்ட பேர இதுல வெட்டோணும்."

"வெட்டன். இவ்வளவு காலமும் ஏன் வெச்சிருந்த?"

"நீங்க கவலைப்படுவீங்க எண்டுதான்."

உம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அட அல்லாஹ்! நீ கவலைப்படுவாய் எண்டுதானே நான் எழுதிக்கொண்டு வந்த. வருஷா வருஷம் படிவம் கொண்டுவாற விதானைக்கிட்ட, மகன் இங்கதான் இரிக்கான் எண்டு பொய் சொல்லி எனக்கு அலுத்துப் போச்சு."

அன்று பின்னேரம் வீட்டுப் படிவத்தில் மனைவியின் பெயருக்குக் கீழே என் பெயரை என் கையாலேயே எழுதினேன். அப்போதுதான் எழுத்துக் கூட்டப் பழகியிருந்த மகள் குனிந்து பார்த்தாள்.

"என்ட பேர் எங்க வாப்பா?"

"அதுக்குப் பதினெட்டு வயசாகோணும் மகள்."

குசினிக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது: "அப்ப நீயே எழுது மகள். வாப்பாவ நம்பி இரிக்காத."