வளைவில் ஹாரன்

அவிநாசிக்குப் பக்கத்தில் நான் பொறுப்பாக இருக்கும் முதியோர் இல்லத்தில், சாப்பாட்டுக் கூடத்திலிருந்து அறைகளுக்கு ஏற ஒரு சரிவுப்பாதை இருக்கிறது. அதன் திருப்பத்தில் ஒரு நாள், மேலே ஏறிய, இங்கே எல்லோரும் டீச்சரம்மா என்று கூப்பிடும் பாட்டியின் வாக்கரும் கீழே இறங்கிய ஒருவரின் சக்கர நாற்காலியும் மோதிக்கொண்டன. நல்லவேளை, யாரும் விழவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஆயாக்களைப் பிடித்துக் கத்தினேன்.

"அவங்கள எதுக்குங்க திட்டறீங்க?" என்றார், எங்களோடு தங்கியிருக்கும் பெரியவர். வால்பாறை மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். "வளைவுல ஹாரன் அடிக்கோணும். ஏறி வர்ற வண்டிக்கு வழி உடோணும். அவ்வளவுதானுங்க."

மறுநாளே சைக்கிள் கடையில் ரப்பர் ஹாரன்கள் வாங்கிவந்து எல்லா வாக்கரிலும் நாற்காலியிலும் கட்டினேன். அப்புறம் அந்தத் திருப்பத்தில் யாரும் மோதியதில்லை. அந்தச் சத்தத்துக்காக நானும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை.

போன மாதம் ஒருவர், வாக்கர் பிடித்து நடக்கும் தன் அம்மாவை இங்கே சேர்க்க அழைத்து வந்தார். கேமரா உண்டா, ஏசி உண்டா என்று கேட்டுக்கொண்டே எங்களோடு சரிவில் இறங்கினார். கீழேயிருந்து 'பாம் பாம்' என்றது.

"என்னங்க இது, சந்தைக்கடையாட்ட?" என்று முகம் சுளித்தார்.

அவர் கையைப் பிடித்துச் சுவரோரம் நிறுத்தினேன். டீச்சரம்மா தலை நிமிர்ந்து எங்களைக் கடந்து ஏறிப் போனார்.

அதுவரை வாயே திறக்காத அவருடைய அம்மா என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க அம்மணி, எனக்கும் ஒண்ணு கட்டித் தருவீங்களா?"