கரடிப் படம் பாதியான கதை

டாக்கீஸில் பெரிய படத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் பொம்மைப் படம் போடுகிறார்களே, அது யார் ஏற்படுத்தின வழக்கம் என்று பிள்ளைகள் நீங்கள் போன வாரம் கேட்டீர்கள். யாரும் உட்கார்ந்து யோசித்து ஏற்படுத்தவில்லை. பஸ் நேரத்துக்கு வராததால் வந்தது. அரூர்க் கொட்டகையில் அது ஆரம்பித்ததையும் நிற்க இருந்ததையும் நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். அதனால் எனக்குத் தெரிந்தவரைக்கும் எழுதி வைக்கிறேன்.

அரூர் சந்தைக்கு அந்தப் பக்கம் கூடாரம் போட்டு டூரிங் டாக்கீஸ் வந்தபோது நான் அதில் நோட்டீஸ் வண்டி ஆள். ஐந்தாவது வரைக்கும் படித்திருந்தேன், குரலும் பெரிசு. மாட்டு வண்டியில் தட்டியைக் கட்டி, தமுக்கு அடித்துக்கொண்டு, தகரப் புனலை வாயில் வைத்து, இன்றைக்கு இன்ன படம் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போவேன். படப் பெட்டி சேலத்திலிருந்து சாயங்கால பஸ்ஸில் வரும். ஒரு நாள் பஸ் வரவில்லை. தரை டிக்கெட் ஜனங்கள் மணலில் உட்கார்ந்து பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு மணலை அள்ளித் திரை மேல் வீச ஆரம்பித்தார்கள்.

முதலாளி பெங்களூரில் பழைய மிஷின் வாங்கினபோது கூடவே ஒரு தகரப் பெட்டியையும் தலையில் கட்டியிருந்தார்கள். அதில் நாலைந்து பொம்மைப் படச் சுருள்கள். சத்தம் கிடையாது, நடுநடுவே இங்கிலீஷில் எழுத்து வரும். அன்றைக்கு வேறு வழியில்லாமல் அதில் ஒன்றைப் போடச் சொன்னார். எழுத்து வருகிற இடமெல்லாம் ஜனங்கள், "என்னய்யா எழுதியிருக்குது?" என்று கத்தினார்கள். முதலாளி என்னைப் பார்த்தார். நான் புனலை எடுத்துக்கொண்டு திரை ஓரமாகப் போய் நின்றேன். அந்த இங்கிலீஷ் எனக்கும் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அது ஒரு கரடியும் கோழியும் வருகிற படம். கரடி கோழி வீட்டில் புகுந்து முட்டையை எடுத்துக்கொண்டு போகும். கோழி துரத்தும். கடைசியில் கரடி தேன்கூட்டில் தலையை விட்டு மாட்டிக்கொள்ளும். அன்றைக்குச் சித்தேரி மலையிலிருந்து சந்தைக்குப் புளியும் கடுக்காயும் கொண்டுவந்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மலையில் அவர்கள் எதை எடுத்தாலும் ஃபாரஸ்ட் கார்டு வந்து பங்கு கேட்பதைப் பற்றிச் சந்தையில் பேசிக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். அதனால் கரடி வந்ததும், "அதோ வர்றாரு பாருங்க, கார்டு ஐயா" என்றேன். மலைக்காரர்கள் சிரித்த சிரிப்பில் பஸ் வந்து பெட்டி இறங்கினது யாருக்கும் தெரியவில்லை.

அதிலிருந்து பஸ் தாமதம் என்றால் பொம்மை. பொம்மை ஓடினால் பெட்டி வரவில்லை என்று அர்த்தம். போகப்போக, பஸ் நேரத்துக்கு வந்த நாளிலும் ஜனங்கள் விடவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் பெண்கள் இடத்திலிருந்து, "கார்டு எங்கீங்க, இன்னைக்கு லீவா?" என்று குரல் வரும். முதலாளி பெரிய படத்துக்கு முன்னால் அதற்கென்று நேரம் ஒதுக்கிவிட்டார். என்னை வண்டியிலிருந்து எடுத்து, சுருளைச் சுற்றவும் அறுந்தால் ஒட்டவும் புனலில் பேசவும் வைத்துக்கொண்டார். ஒட்டுகிற மருந்து வாழைப்பழ வாசனை அடிக்கும். உங்கள் அம்மா அந்த வாசனையை வைத்தே நான் வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று கண்டுபிடித்துவிடுவாள்.

சுருள் அறுகிற ஒவ்வொரு தடவையும் கிழிந்த இடத்தை வெட்டித்தான் ஒட்ட வேண்டும். இரண்டு மூன்று வருஷத்தில் மற்ற சுருள்கள் எல்லாம் துண்டு துண்டாகிவிட்டன. கரடி ஒன்றுதான் கதை புரிகிற மாதிரி மிஞ்சியது. அதுவும் நாலு நிமிஷத்துக்கு வந்துவிட்டது.

அப்புறம் யுத்தம் வந்தது. எஞ்சினுக்கு ஆயில் அளந்துதான் கிடைத்தது. பெரிய படத்துக்கு முன்னால் சர்க்கார் யுத்தப் படம் கட்டாயம் போட வேண்டும், போடாவிட்டால் லைசென்ஸ் போகும் என்று உத்தரவு வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார். பஸ் வருகிற வரைக்கும் ஓட்ட இனி யுத்தப் படம் இருக்கிறது, பொம்மைக்கு ஆயில் கிடையாது, நோட்டீஸ் வண்டிக்கும் வேறு ஆள் வந்தாயிற்று, அதனால் மாசக் கடைசியோடு நின்றுகொள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் மறுநாள் மாறியிருப்பார். பெரியவளே, அப்போது நீ அம்மா வயிற்றில் ஆறு மாசம். எங்களுக்குக் காணி கிடையாது.

இரண்டு நாள் யோசித்தேன். எங்களிடம் இருந்தது ஒரே மிஷின். ஒரு சுருள் முடிந்து அடுத்ததை மாட்ட விளக்கைப் போட்டு நிறுத்த வேண்டும். அப்போதும் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கரடியைத் தனியாகப் போட்டால் ஒரு மாட்டல் கூடும். யுத்தப் படத்தின் வாலிலேயே ஒட்டிவிட்டால் அந்த மாட்டல் கிடையாது. முதலாளியிடம் சொன்னேன். அவர் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஆட்டம் பார்த்தார். "சரி, மாசக் கடைசி வரைக்கும் பாக்கலாம்" என்றார்.

இதில் நான் நினைக்காத ஒன்று நடந்தது. அதுவரைக்கும் யுத்தப் படம் ஆரம்பித்தால் ஆண்கள் பீடி பிடிக்க வெளியே போய்விடுவார்கள். இப்போது கரடி எப்போது வரும் என்று தெரியாததால் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

யுத்தப் படத்தை வாரம் முடிந்ததும் பஸ்ஸில் கடத்தூர்க் கொட்டகைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பும் முன் கரடியை வெட்டி எடுத்துக்கொள்வேன். ஓடி முடிந்த சுருளில் வால் வெளியே இருக்கும், கரடி மேலாகத் தெரியும், வெட்டுவது சுலபம். வெட்டின பிறகுதான் திருப்பிச் சுற்றுவேன். ஒரு வாரம் ஆபரேட்டர் அண்ணன், தெலுங்கு வீட்டுக்காரர், நல்ல மனுஷன், நான் அலைகிறேனே என்று தானே சுருளைத் திருப்பிச் சுற்றி வைத்துவிட்டார். திருப்பிச் சுற்றினால் வால் நடுவுக்குள் போய்விடும். மேலே யுத்தப் படத் தலைப்புத் தெரிந்தது. நான்தான் ஏற்கெனவே வெட்டிச் சுற்றி வைத்திருக்கிறேன் என்று நினைத்து டப்பாவை மூடி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் புது யுத்தப் படம் வந்ததும், அதன் வாலில் ஒட்டக் கரடியைத் தேடினேன், இல்லை. ஆபரேட்டர் அண்ணன் முகம் வெளுத்துப்போனது. "நாந்தாம்பா சுத்துனேன். நான் சுத்துனதுன்னு சொல்லிரு" என்றார். நான் சொல்லவில்லை. முதலாளியிடம் என் தப்பு என்று மட்டும் சொன்னேன். அவர் சர்க்கார் படத்தில் கை வைத்த விஷயம் வெளியே போனால் கூடாரத்தையே பிரிக்கச் சொல்வார்கள் என்றார். காலையில் கடத்தூர் போய் எடுத்து வா, முடியாவிட்டால் வராதே என்றார்.

யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரி போட்டு ஓட்டின பஸ் ஏற்றத்தில் நிற்கும், இறங்கித் தள்ள வேண்டும். தள்ளித் தள்ளிக் கடத்தூர் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. கொட்டகை வாசலில் ஜீப் நின்றது. உள்ளே மிஷின் ரூமில் அந்தக் கொட்டகை மேனேஜரும், யுத்தப் படம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க வருகிற ஆபீசரும் இருந்தார்கள். டப்பா திறந்து மேஜை மேல் இருந்தது. அங்கே இரண்டு நாள் ஓடியாயிற்று.

மேனேஜர் என்னைக் கண்டதும், "இவனாத்தானுங்க இருக்கும்" என்றார்.

ஆபீசர் என்னை உட்காரச் சொல்லவில்லை. "நீதான் ஒட்டினியா?" என்றார்.

"ஆமாங்க."

"எதுக்கு?"

பொய் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. "உங்க படம் ஓடுறப்ப ஜனங்க பீடி குடிக்கப் போயிர்றாங்க. பின்னாடி கரடி இருந்தா உக்காந்துக்கறாங்க. கரடி இல்லீன்னா எனக்கு வேலையும் இல்லீங்க" என்றேன்.

அவர் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். மேனேஜர் நடந்ததைச் சொன்னார். முதல் நாள் ஜனங்கள் வழக்கம்போல வெளியே போய்விட்டார்களாம். சத்தமில்லாத படத்தைச் சத்த மிஷினில் போட்டால் ஸ்பீக்கர் கொர்கொர் என்று உறுமும். நாங்கள் அந்த நேரம் சத்தத்தைக் குறைத்துவிடுவோம், இவர்களுக்குத் தெரியவில்லை. கரடியே உறுமுகிறது என்று நினைத்து வெளியே இருந்தவர்கள் எல்லாம் உள்ளே ஓடி வந்திருக்கிறார்கள். இரண்டாம் நாள் ஒருவரும் எழுந்திருக்கவில்லையாம்.

ஆபீசர் கரடிக்கு நான் என்ன பேசுவேன் என்று கேட்டார். கொஞ்சம் தயங்கினேன். பிறகு, ஆனது ஆகட்டும் என்று கார்டு ஐயாவையும் சேர்த்தே பேசிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. மேனேஜர்தான் வாயைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"மலைக்காரங்களுக்கு இது புரியுதா?"

"அவங்கதாங்க அதிகமாச் சிரிப்பாங்க."

"கார்டுன்னு சொன்னது எனக்குக் கேக்கலை" என்றார் ஆபீசர். பிறகு, சர்க்கார் படத்தில் எதையும் ஒட்டக் கூடாது, இப்பவே என் முன்னால் வெட்டு என்றார். வெட்டினேன். அவசரத்தில் யுத்தப் படத்திலும் விரல் அகலம் போய்விட்டது, அதை அவர் பார்க்கவில்லை.

கரடியைச் சுருட்டி மடியில் வைக்கப் போனேன். அப்போது மேனேஜர் குறுக்கே வந்தார். "எங்க ஜனங்க இன்னைக்கும் கரடி கேப்பாங்க, இல்லீன்னா கொட்டாயைப் பிரிச்சிருவாங்க" என்று ஆபீசரிடம் முறையிட்டார். ஆபீசர் ஜீப்புக்குப் போகிற அவசரத்தில், "ஆளுக்குப் பாதி எடுத்துக்குங்க" என்றார். அது என்ன கரும்பா, பாதி பாதியாக ஒடிக்க என்று எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வேலை பிழைக்கிற நேரத்தில் அதைச் சொல்ல முடியுமா? முழம் போட்டு அளந்து நடுவில் வெட்டினேன். கரடி முட்டையோடு வாசலைத் தாண்டுகிற இடத்தில் வெட்டு விழுந்தது. திருட்டு எங்களுக்கு. துரத்தலும் தேன்கூடும் கடத்தூருக்கு.

போகும் முன் ஆபீசர் எங்கள் முதலாளிக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்தார். யுத்தப் படத்துக்குப் பின்னால் தனியாக ஒரு வேடிக்கைப் படம் காட்ட வேண்டும், அதுவரை ஜனங்களை வெளியே விடக் கூடாது என்று இருந்தது. ஆயிலைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. முதலாளி அதை இரண்டு தடவை படித்தார். சர்க்கார் கையெழுத்தை மீற அவருக்குத் தைரியம் கிடையாது. அதை டிக்கெட் ரூமில் ஆணி அடித்து மாட்டினார். என்னை நிற்கச் சொன்னதைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

யுத்தம் முடிந்தது, யுத்தப் படமும் நின்றது. பொம்மையை நிறுத்து என்று மட்டும் யாரும் தாள் எழுதவில்லை. அதனால் அது ஓடிக்கொண்டே இருந்தது, பிறகு புதுச் சுருள்களும் வந்தன. இப்போது நீங்கள் பார்க்கிற பத்து நிமிஷம் அதுதான்.

பாதிக் கரடியைப் புதுச் சுருள் வருகிற வரைக்கும் போட்டோம். முட்டையோடு கரடி வாசலைத் தாண்டும், திரை வெள்ளையாகிவிடும். மீதியை நான் புனலில் வாயாலேயே சொல்லி முடிப்பேன். மலைக்காரர்கள் மட்டும், "கார்டு எப்பவும் மாட்டறதே இல்லீங்களே" என்பார்கள். பெரியவளே, நீ பேச ஆரம்பித்த வருஷம் பெண்கள் பக்கம் அம்மா மடியில் உட்கார்ந்து அதைப் பார்த்தாய். வீட்டுக்கு வந்ததும், "கோழி எங்கப்பா போச்சு?" என்று கேட்டாய். கடத்தூர் போயிருக்கிறது என்றேன். நீ நம்பிவிட்டாய். அது பொய் இல்லை.